அறுபத்து மூன்றாவது பொட்டலம்

என் உயிர் மச்சான் சலீமுக்கு,

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த அறிக்கையைக் கையில் கொடுத்தாலும் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கம் இதுதான்: ஐஸ் கம்பெனியில் குழாய் போனது, அமோனியா வெளியே வந்தது, வந்திருந்த அத்தனை பேரும் அன்று ராத்திரி அவரவர் வீட்டில் சோறு சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

இனி நிதானமாகச் சொல்கிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளாக உனக்கு ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. நம்மிடையே ஒரு சண்டை முடியாமல் கிடந்தது, அதில் நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாயும் வரவில்லை. என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா?

இதை நாலு பேர் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். பதினாறு வருடம் நாம் சேர்ந்து பார்த்த வேலையை என் வீட்டில் இன்னும் 'பாய்லர் பார்க்கிற வேலை' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு தொழிற்சாலையில் இருக்கிற தொட்டி, குழாய், வால்வு எல்லாவற்றையும் தினமும் பிரித்துப் பார்க்க முடியாது. எதை இந்த வருடமே பார்ப்பது, எதை ஐந்து வருடம் விட்டுவைப்பது என்று முடிவு செய்ய இரண்டு கேள்விகள் உண்டு. இது உடைய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? உடைந்தால் என்ன ஆகும்? முதல் கேள்வி என் பங்கு. துரு, தடிமன், வயது, வெல்டிங் எல்லாம் நான் பார்ப்பேன். இரண்டாவது கேள்வி உன் பங்கு.

அதை நீ கேட்கிற விதமே தனி. உன் பெரியத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். யார் எதைச் சொன்னாலும் 'அலோர்?' என்று கேட்பாராம், அப்புறம் என்ன என்று. அவர் சொத்தில் எனக்கு வந்தது அந்த ஒரு வார்த்தைதான் என்று சொல்லிச் சிரிப்பாய். குழாயில் ஓட்டை விழுகிறது. அலோர்? வால்வை மூடுவதற்குள் எவ்வளவு வெளியே வரும்? அலோர்? காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? அலோர்? அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள்? அங்கே வந்துதான் நீ நிறுத்துவாய். எனக்கோ இரண்டாவது அலோரிலேயே பசி வந்துவிடும்.

ஐஸ் கம்பெனித் தாளில்தான் நமக்கு முட்டிக்கொண்டது. காலாப்பட்டுக்குப் போகிற வழியில், ரோட்டுக்கு மேற்கே இருக்கிற அந்தக் கம்பெனிக்கு நாம் பத்து வருடமாகப் போய் வருகிறோம். படகுகளுக்கு ஐஸ் பாளம், ஏற்றுமதிக்கு இறால். பின்பக்கம் மெஷின் ரூம். அதற்குள் அமோனியா நிற்கிற ஒரு தொட்டி, அதிலிருந்து கம்ப்ரெசருக்குப் போகிற குழாய், இரண்டுக்கும் மேலே குளிர் போகாமலிருக்கப் போட்ட தடித்த உறை. உறைக்குள் குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் உறையைப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமானால் மெஷினை நிறுத்த வேண்டும். முதலாளிக்கு அது எட்டிக்காய்.

பொங்கல் முடிந்த வாரம், நம் மாடி ஆபீஸில் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதினோம். விளைவுக்கு ஐந்து படி வைத்திருக்கிறோம். ஒன்றாம் படி என்றால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம், ஐந்தாம் படி என்றால் ஆள் சாவார்கள். மெஷின் ரூமில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் நான் 'இரண்டு' என்று எழுதினேன். ஒரு ஷிப்ட்டுக்கு இரண்டு ஆபரேட்டர்கள், வருகைப் பதிவான மஸ்டர் ரோலில் அப்படித்தான் இருக்கிறது. படி இரண்டு. உறையை நாலு வருடம் தொட வேண்டாம்.

நீ தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாய்.

"ஆயுத பூஜை அன்னைக்கு எத்தினி பேரு மாப்ள?"

நான் சிரித்தேன். வருடத்துக்கு எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி நேரம், பூஜை வெறும் இரண்டு மணி நேரம். அறுபது பேரை இரண்டால் பெருக்கி அத்தனை மணி நேரத்தால் வகுத்தால் ஒரு ஆளின் சுண்டுவிரல்கூடத் தேறாது என்று சொன்னேன். சராசரி எடுப்பதுதான் முறை, எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"சுண்டுவிரலு சாவாது. ஆளுதான் சாவான். வருசம் பூரா ஓடற மெசின அன்னைக்குத்தான நிறுத்துறாங்க? தொடச்சு, பொட்டு வெச்சு, திரும்பப் போடறாங்க. குழாய்க்கு அடி விழறது திரும்பப் போடற நேரம், கூட்டம் உள்ள நிக்கிறதும் அதே நேரம். இதுல சராசரி எங்கருந்து வந்துச்சு?"

மச்சான், அன்று எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். கத்தினேன். அதோடு நிற்காமல் ஒரு வார்த்தையும் விட்டேன். "அது எங்க சாமி விசயம், நீ அதத் தாளுல இழுக்காத" என்றேன்.

பத்து வருடமாக அந்தப் பூஜைக்கு என்னோடு வந்து, வாசல்படி ஓரமாக நின்று, பொரிப் பொட்டலம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவன் நீ. உன்னைப் பார்த்து 'எங்க சாமி' என்று சொன்னேன். அந்த வார்த்தை வாயை விட்டு வந்தபோதே அதன் கசப்பு எனக்குத் தெரிந்தது. ஆனாலும் திரும்ப எடுக்கவில்லை.

நீ அந்தத் தாளின் பின்பக்கத்தில் மெஷின் ரூமை வரைந்தாய். தொட்டி, கம்ப்ரெசர், தூண், கதவு. பிறகு பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர் எழுதினாய். போன பூஜைக்கு யார் யார் எங்கே நின்றார்கள் என்று அத்தனையும் உனக்கு ஞாபகம் இருந்தது. முதலாளி, அவர் சம்சாரம், இறால் உரிக்கிற பெண்கள், அவர்கள் கூட்டி வந்த பிள்ளைகள். முடித்ததும் முன்பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போட்டாய்.

"எழுதிக்க. ஆனா இந்த வருசம் பொரி வாங்க நான் வரமாட்டேன்."

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று உன் சம்சாரம் ஆயிஷா தங்கச்சி போன் செய்தது. இடையில் இருந்த நாட்களில் நாம் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசினோம். இரண்டு தடவை மன்னிப்புக் கேட்க வந்தேன். இரண்டு தடவையும் டீ குடித்துவிட்டுப் போய்விட்டேன். உன் அடக்கத்தில் மண் போடும்போது கைதான் போட்டது, மனசு அந்தத் தாளிலேயே நின்றது.

படம் வரைந்த அந்தத் தாளின் நகலை டிராயரில் போட்டுப் பூட்டினேன். முன்பக்கம் மட்டும்தான் கம்பெனிக்குப் போனது. அதன்பிறகு ஏழு மாதம் அந்த டிராயரைத் திறக்காமல் சமாளித்தேன். பேனாகூட வேறு இடத்தில் வைத்துக்கொண்டேன்.

பூஜைக்கு மூன்று வாரம் முன்பு ஐஸ் கம்பெனியிலிருந்து ஜெயந்தி போன் செய்தாள். ஆபீஸில் கணக்கும் வருகைப் பதிவும் பார்க்கிற ஜெயந்திதான். வருடா வருடம் கூப்பிடுவது போலவே கூப்பிட்டாள், நடுவில் உன் பெயர் வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு 'நீங்க வந்துருங்க சார்' என்றாள். போனை வைத்ததும் டிராயரைத் திறந்தேன்.

அன்றுதான் உன் படத்தைச் சரியாகப் பார்த்தேன். தொட்டிக்கு ஒரு கை தூரத்தில் ஒரு சின்னப் புள்ளி, பக்கத்தில் 'ஆபரேட்டர் தட்சணாமூர்த்தி பேத்தி, மூணு வயசு'. குழாய்க்கு நேர் கீழே ஒரு புள்ளி, 'குணா, சூடம் ஒத்திக்கிறான்', அது நான். கதவோரம் ஒரு புள்ளி, 'சலீம்'. பத்து வருடமாக நான் அந்தக் குழாய்க்கு அடியில்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். நீ வாசலில் விருந்தாளியாக நின்றதால் எல்லாரையும் பார்த்தாய். எனக்கு அது பூஜை. அந்த நேரத்தில் அது மெஷின் ரூம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே முதலாளியைப் போய்ப் பார்த்தேன். இரண்டு விஷயம் கேட்டேன். உறையைப் பிரித்துக் குழாயைப் பார்க்க வேண்டும், பூஜையை மெஷின் ரூமுக்குள் வைக்கக் கூடாது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். 'பத்து வருசமா உள்ள நின்னு சூடம் ஒத்திக்கிட்டவரு நீங்கதான சார்' என்று கேட்டார். உறையை நாலு வருடம் தொட வேண்டாம் என்று நானே கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதற்கு மேல் அடம் பிடிக்க அந்தக் கையெழுத்தே எனக்குக் குறுக்கே நின்றது. கடைசியில், தீபாவளி முடிந்து உறையைப் பிரிக்கலாம், பூஜை விஷயத்தை ஆபரேட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

ஆபரேட்டர் என்றால் தட்சணாமூர்த்தி. வைத்திக்குப்பத்துக்காரர், இருபது வருடம் கடலுக்குப் போய், இருபது வருடமாக மெஷினோடு இருக்கிறவர். அந்தப் பூஜை அவர் பூஜை. நான் விஷயத்தைச் சொன்னதும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மெசினுக்குப் படைக்கிறத மெசினு பாக்க வேணாமா சார்?"

நான் சூத்திரம் சொல்லவில்லை, படியும் சொல்லவில்லை. உன் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் புள்ளியில் நின்றுவிட்டார். சலீம் சார் எழுதினதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் பேத்தியை அவர் தூக்கி வைத்திருந்தார் அன்றைக்கு, அவர் இறக்கி விட்டதும் அவள் அங்கேதான் ஓடினாள் என்றார். அதன்பிறகு அவர் என்னோடு வாதாடவே இல்லை, எனக்கே யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆயுதம் என்றால் ஸ்பேனரும் சுத்தியலும் பழைய பிரஷர் மீட்டரும்தானே, அவற்றைக் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் முற்றத்தில் வைத்துப் படைப்போம் என்றார். காற்றையும் அவரேதான் சொன்னார். காலையில் கரைக்காற்று, மெஷின் ரூம் பக்கமிருந்து கேட்டுக்குத்தான் அடிக்கும். பதினோரு மணிக்கு மேல் கடலிலிருந்து கொண்டல் தூக்கும், அப்போது எது வந்தாலும் பின்னாலிருக்கிற சவுக்குத் தோப்புக்குத்தான் போகும். முதலாளி சம்சாரம் குறித்து வைத்த நல்ல நேரம் ஒன்பதேகால். பூஜையை நல்ல நேரத்தில் முடிப்பது, மெஷினை மட்டும் கொண்டல் வந்த பிறகு போடுவது என்று பேசி முடித்தோம். மெஷினைப் போடும்போது உள்ளே யாரும் இல்லை. தட்சணாமூர்த்தியும் இன்னொரு ஆபரேட்டரும் முகமூடி போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே இருக்கிற ஸ்விட்சில் நிற்பார்கள்.

மச்சான், இது அத்தனையும் நீ கேட்கிற அலோர் வரிசைதான். அதை ஒரு கடலோடி அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். நாம் இதற்கு எத்தனை தாள் செலவழித்திருக்கிறோம்?

ஜெயந்தியிடம் மட்டும் ஒரு வேலை சொன்னேன். யார் யார் வருகிறார்கள் என்று பெயர்ப் பட்டியல் வேண்டும், ஏதாவது ஆனால் எண்ணிப் பார்க்க. உன் படத்தின் நகலைக் கொடுத்தேன். அதிலிருந்து பெயர்களை எடுத்து, வேலையை விட்டுப் போனவர்களை அடித்து, புதியவர்களைச் சேர்த்து எழுதினாள். அதே பட்டியலை வைத்துத்தான் பொரிப் பொட்டலத்திலும் பெயர் எழுதுவாள். அறுபத்து மூன்று பெயர் சார் என்றாள். நான் அந்த எண்ணை மட்டும் டைரியில் குறித்துக்கொண்டேன்.

பூஜை நன்றாகவே நடந்தது. ஸ்பேனர்களுக்குச் சந்தனம், சுத்தியலுக்குக் குங்குமம், பழைய பிரஷர் மீட்டருக்குச் செவ்வந்திப்பூ. மெஷினுக்கு முன்னால் இல்லாத பூஜை என்னத்துக்கு என்று இறால் உரிக்கிற பெண்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், முதலாளிக்கும் முகம் சரியில்லை. பத்தரை மணிக்கே எல்லாருக்கும் பொறுமை போய்விட்டது. மெஷின் சத்தம் கேட்டபிறகுதான் பூசணிக்காய் உடைப்பது, உடைத்த பிறகுதான் பொரி. பிள்ளைகள் பொரிக் கூடையையே சுற்றி வந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை, உன்னோடு சேர்த்து என்னையும் புதைத்திருக்கலாம் என்பது போல இருந்தது.

பதினொன்று இருபதுக்குச் சவுக்கு அசைந்தது. தட்சணாமூர்த்தி முற்றத்தின் கோடியிலிருந்து கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மெஷினைப் போட்டார். மோட்டார் உறுமியது. முதலாளி பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கினார். அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம், பெரிய கதவைச் சுவரில் அடித்தது போல. ஜன்னல் வழியாக வெள்ளையாகப் புகை கிளம்பியது. மூக்குக்கு வருவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாரையும் கேட்டுக்கு வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். கத்துவதற்கு என்னை விட்டால் ஆள் ஏது? ஓடினார்கள். கொண்டல் எங்கள் முகத்துக்கு எதிரே வீசியது, அந்த வெள்ளைப் புகை முழுக்கத் தோப்புப் பக்கம் சாய்ந்து போனது. எங்களுக்கு வந்தது கொஞ்சம் நெடிதான், கண் எரிச்சல்தான். தட்சணாமூர்த்தி வெளியிலிருந்தே மெஷினை நிறுத்தி, வெளிச்சுவரில் இருக்கிற வால்வையும் மூடிவிட்டு, கூட இருந்தவரை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்.

ரோட்டோரம் எல்லாரையும் நிற்க வைத்து, என்னையும் சேர்த்து எண்ணினேன். அறுபத்திரண்டு.

திரும்ப எண்ணினேன். அறுபத்திரண்டு. டைரியில் அறுபத்து மூன்று இருந்தது. மச்சான், அந்த ஒரு நிமிடத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். ஏதோ ஒரு பிள்ளை மெஷினைப் பார்க்க உள்ளே போயிருக்கிறது என்றே முடிவு செய்துவிட்டேன். தட்சணாமூர்த்தியின் முகமூடியைப் பிடுங்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தேன். அவர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தி, ஜெயந்தியிடம் பெயரைப் படிக்கச் சொன்னார்.

அவள் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. பேத்தியின் பெயருக்குத் தட்சணாமூர்த்தியின் சம்சாரம் குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டியது. என் பெயருக்கு நான் பதில் சொல்ல மறக்க, யாரோ சொன்னார்கள். கடைசிப் பெயருக்கு வந்ததும் ஜெயந்தி நிறுத்திவிட்டாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் படித்தாள்.

"சலீம் சார்."

ரோட்டில் ஒரு சென்னை பஸ் போனது. உன் படத்தில் கதவோரம் இருந்த புள்ளி. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு உன்னையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தாய், நான் அதைக் கவனித்தும் கவனிக்காமல் விட்டிருந்தேன். தட்சணாமூர்த்திதான் பேசினார்.

"அவரு நமக்கு முன்னாடியே வெளிய போயிட்டாரும்மா. எண்ணிக்க சரியா இருக்குது."

நான் அங்கேயே மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அமோனியா கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன், எல்லாரும் நம்புவது போல இருந்துவிட்டார்கள். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. எட்டு மாதமாக அதைச் சுமந்துகொண்டிருந்தேன் என்பதே இறக்கிய பிறகுதான் தெரிந்தது. முதலாளி கையில் இன்னும் அந்தப் பூசணிக்காய் இருந்தது, அதோடேயே ஓடி வந்திருக்கிறார். அப்படியே ரோட்டோரத்தில் போட்டு உடைத்தார். அதன்பிறகுதான் பிள்ளைகள் மூச்சுவிட்டன. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் பீய்ச்சி, மதியம் இரண்டு மணிக்குள் நெடி அடங்கிவிட்டது.

ஜெயந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். உன் பெயருக்கும் பொட்டலம் போட்டிருந்தாளாம். "பட்டியல்ல அடிக்கணும்னு தெரியும் சார். எடுக்க மனசு வரல" என்றாள். ஓடுகிற அவசரத்திலும் பொரிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், அந்தப் பெண்.

மறு வாரம் உறையைப் பிரித்தோம். வெளியே காய்ந்து, அழகாக வெள்ளையடித்துக் கிடந்த உறைக்கு உள்ளே தண்ணீர் கட்டி, குழாய் அடிப்பக்கம் முழுக்க அரித்துப் போயிருந்தது. விரலால் அழுத்தினால் பெயர்ந்து வந்தது. ஆகவே என் பங்கிலும் தப்பு, வாய்ப்பு குறைவு என்று எழுதியது நான்தானே. கிழிந்த இடம் எங்கே தெரியுமா? உன் படத்தில் 'குணா, சூடம் ஒத்திக்கிறான்' என்ற புள்ளிக்கு நேர் மேலே. நான் படத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு முன்னால் நின்றிருக்க வேண்டிய பிள்ளைகளையும் நினைத்துப் பார்த்தேன். பிறகு வெளியே வந்து வெறும் காற்றைக் கொஞ்ச நேரம் இழுத்து மூச்சு விட்டேன். நன்றாக இருந்தது மச்சான்.

முதலாளி இப்போது நான் சொல்வதற்கு முன்பே தலையாட்டுகிறார். தொட்டியின் உறையையும் பிரிக்கச் சொல்லிவிட்டார். குழாய் மாற்றியாகிவிட்டது. வெளிச்சுவரில் இன்னொரு வால்வு வைத்திருக்கிறோம். முணுமுணுத்த இரண்டு பெண்களும் அடுத்த பூஜைக்கு முற்றத்தில் பந்தல் போட வேண்டும் என்று இப்போதே கேட்கிறார்கள், இந்த வருடம் வெயிலாம்.

பழைய தாளை ரத்து செய்து புதிதாக எழுதினேன். எத்தனை பேர் என்ற கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் போட்டேன்: வருடத்தில் அதிகமாக ஆள் நிற்கிற நேரம் எது, எதற்காக நிற்கிறார்கள், அப்போது மெஷின் என்ன செய்துகொண்டிருக்கிறது. படி ஐந்து. இனி நாம் பார்க்கிற எல்லா இடத்துக்கும் இந்தக் கட்டம் உண்டு. நேற்று ஒரு சாயப்பட்டறையில் அந்தக் கட்டத்தை நிரப்பப்போய், பாய்லருக்குப் பின்னால் சூடாக இருக்கிறது என்று மழைக்காலத்தில் பதினைந்து பேர் அங்கேதான் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. மஸ்டர் ரோலில் அது எங்கே இருக்கிறது? உனக்கு மட்டும் இதெல்லாம் எப்படிக் கண்ணில் பட்டது என்று கேட்க நினைக்கிறேன், கேட்க நீ இல்லை.

உன் வீட்டுக்குப் போனேன். அடக்கத்துக்குப் பிறகு நாற்பதாம் நாளுக்கு வந்தது, அதன்பிறகு அந்த வீதிப் பக்கம் திரும்பவே இல்லை. ஆயிஷா தங்கச்சி வா என்றும் சொல்லவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை, உன் நாற்காலியை இழுத்துப் போட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் உன்னைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தையையும் மறைக்காமல் சொன்னேன். நீ அதை வீட்டில் சொல்லவே இல்லையாமே. குணா கத்துகிறான், கத்தி முடித்தால் சரியாகிவிடுவான் என்று மட்டும் சொன்னாயாம். எட்டு மாதம் நான் தூங்காமல் கிடந்தது எதற்கு என்று எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது.

உன் பெயர் எழுதிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். தங்கச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கண் கலங்கியது, ஆனால் சிரித்தது.

"வரமாட்டேன்னு சொன்னவரு பொரிய மட்டும் அனுப்பிட்டாராண்ணே?"

இரண்டு பேரும் அந்தப் பொரியைச் சாப்பிட்டோம். நமுத்துப் போயிருந்தது, கொஞ்சம் அமோனியா வாடையும் இருந்தது. ஒரு பருக்கைகூட மீதி வைக்கவில்லை.

மச்சான், இப்போது ஒரு வாக்குக் கொடுக்கிறேன், இந்த வாயால் கொடுத்தாலும் காப்பாற்றுவேன். இனி எந்தத் தாளிலும் ஆளை மணிக்கணக்கால் வகுக்க மாட்டேன். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜை அன்று முற்றத்தில் பட்டியலைப் படிப்போம், உன் பெயரைக் கடைசியில் படிப்போம். அதற்கு நான் பதில் சொல்வேன். வெளியே பத்திரமாக இருக்கிறான் என்று சொல்வேன். பிறகுதான் மெஷினைப் போடுவோம். நம் சாமிதான் மச்சான், உனக்கும் எனக்கும்.

மன்னித்துவிட்டாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், மன்னித்துவிடு.

கத்தி முடித்துவிட்ட
உன் மாப்பிள்ளை, ஆயிஷாவின் அண்ணன்,
குணசேகரன்,
ரெட்டியார்பாளையம்.